மழைக்கு நோன்பு, சுவருக்கு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை வேண்டி நடக்கும் வழிபாடுகள் குறித்து வாசகர் பக்கத்தில் வரும் கடிதங்களில் யூத மதத்தையும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கடல் பிளந்ததை நம்புகிற மதம், ஆகவே இயற்கை விதியை மதிக்காத மதம் என்கிறார் ஒருவர். அவர்களுக்கு எல்லாமே அற்புதம்தான், கேட்டால் கிடைத்துவிடும் என்று மெச்சுகிறார் இன்னொருவர். அந்த மதத்தின் நூல்களில் இருப்பது இரண்டுக்கும் நேர்மாறு. மழைச்சோறு எடுத்த ஊர்களில் வாழும் நமக்கு அது புரியாத சங்கதி அல்ல.

மழை கடவுள் கையில் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. மழை, பிள்ளைப்பேறு, இறந்தோர் எழுதல் ஆகிய மூன்றின் சாவியையும் கடவுள் எந்தத் தூதரிடமும் கொடுக்கவில்லை என்கிறது யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது. பைபிளின் உபாகமம் 11ஆம் அதிகாரம், காலால் நீர் பாய்ச்சிய எகிப்தையும், வானத்து மழையைக் குடிக்கிற கானானையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. கீழ்பவானி வாய்க்கால் வயலும் மூலனூர்ப் பக்கத்து மானாவாரிக் காடும் போல என்று வைத்துக்கொள்ளலாம். மானாவாரிக்காரர் மேலே பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் மேலே பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் தானித் என்ற பகுதியில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். இஸ்ரேலில் முன்மாரி தொடங்கும் மர்ஹெஷ்வான் மாதம் ஏறக்குறைய நம் ஐப்பசியை ஒட்டி வரும். அதற்கு முந்தைய திஷ்ரி மாதத்தின் 22ஆம் நாள் திருவிழாவிலேயே, மழை பொழியச் செய்பவர் என்று கடவுளைப் போற்றத் தொடங்கிவிடுவார்கள். 'மழை தா' என்று கேட்பது மட்டும் மர்ஹெஷ்வான் 7 வரை காத்திருக்கும். விழாவுக்கு எருசலேம் வந்தவர்களில் கடைசி ஆள் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் உள்ள தன் ஊருக்கு நனையாமல் போய்ச்சேர 15 நாள் வேண்டும் என்பதே காரணம். காடு காய்ந்து கிடந்தாலும், வழியில் நடந்து போகிறவனை நினைத்து வேண்டுதலை நிறுத்தி வைத்தார்கள்.

17ஆம் தேதி வரை மழை இல்லையென்றால் கற்றறிந்த சிலர் மட்டும் திங்கள், வியாழன், திங்கள் என மூன்று நோன்பு இருப்பார்கள். அடுத்த மாதமான கிஸ்லேவ் பிறந்தும் பெய்யாவிட்டால் நீதிமன்றம் ஊருக்கே மூன்று நோன்பு விதிக்கும். நோன்புக்கு முந்தின இரவில் சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம், குளிக்கலாம். அதற்கும் பெய்யவில்லையா, இன்னும் மூன்று. இம்முறை முந்தின நாள் பொழுது சாயும் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். வேலையும் குளியலும் செருப்பும் கூடாது, குளியல் கூடங்களுக்குப் பூட்டு. அடுத்த ஏழில் கொம்பு ஊதி, கடைகளையும் அடைக்க வேண்டும். ஊர் நோன்பு மொத்தம் 13.

இதில் வியாழக்கிழமை விதியைக் கவனிக்க வேண்டும். ஊர் நோன்பின் வரிசையை வியாழனில் தொடங்கக் கூடாது. அன்று இரவு நோன்பு முடிக்கவும் மறுநாள் மாலை ஓய்வுநாள் விருந்துக்கும் சேர்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓடுவார்கள். பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள். கடவுளிடம் முறையிடப் போகிற ஊர், சந்தையில் ஏழையின் வயிற்றில் அடித்துவிடக் கூடாது என்ற கவனம் இது.

கடைசி ஏழு நோன்புகளில் திருச்சட்டப் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் சாம்பல் தூவுவார்கள். அவரவர் தலையிலும் சாம்பல். பிறகு மூத்தவர் ஒருவர் எழுந்து பேசுவார். பைபிளின் யோனா கதையில் வரும் நினிவே நகர மக்களின் கோணிச் சாக்கையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று எழுதவில்லை, அவர்கள் கெட்ட வழியை விட்டுத் திரும்பிய செயலைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது என்பார். சடங்கின் உச்சத்தில் நின்றுகொண்டு, சடங்கு மட்டும் போதாது என்று ஊரார் முகத்துக்கு நேரே சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு பெய்தால் நோன்பை நிறுத்தலாம் என்பதற்கும் அளவு உண்டு. இறுகிய தரையில் ஒரு கையகலம், நடுத்தர நிலத்தில் இரண்டு, உழுத நிலத்தில் மூன்று கையகலம் ஈரம் இறங்கியிருக்க வேண்டும். ஒரு கையகலம் ஏறக்குறைய 8 முதல் 10 செ.மீ. உழுத மண் நீரை உள்ளே வாங்கும். இறுகிய மண்ணில் அவ்வளவு இறங்காது. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று மண்வெட்டியால் கொத்திப் பார்த்துச் சொல்லும் நம் குடியானவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. பயிருக்குப் பெய்து மரத்துக்குப் போதாவிட்டாலும், இரண்டுக்கும் பெய்து நீர்த்தொட்டி நிறையாவிட்டாலும், ஒரு மழைக்கும் மறு மழைக்கும் 40 நாள் இடைவெளி விழுந்தாலும், வரிசைக்குக் காத்திராமல் உடனே கொம்பு ஊதலாம்.

இயற்கை விதியை மதிக்காதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒருவன் கோதுமையைத் திருடி விதைத்தால் நியாயப்படி அது முளைக்கக் கூடாது. ஆனால் உலகம் தன் வழக்கப்படியே நடக்கிறது என்கிறது தல்மூது. திருட்டுக்குக் கணக்கு வேறிடத்தில். விதைக்கு மண்ணும் ஈரமும் போதும். நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லிக் கூவுவது வீண் வேண்டுதல் என்கிறது மிஷ்னா. ஊருக்குள் அலறல் கேட்கிறது, 'என் வீடாக இருக்கக் கூடாது' என்று ஒருவன் வேண்டுகிறான். அதுவும் வீண்தான், எந்த வீடு என்பது முடிந்துபோன சங்கதி. மனைவி உண்டாகியிருக்கும்போது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று கேட்பதையும் இதே பட்டியலில் வைத்தார்கள்.

தல்மூதில் இன்னொரு வழக்கும் வருகிறது. மனைவி இறந்துவிட்டாள், கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது, செவிலித்தாய்க்குக் கூலி கொடுக்கத் தகப்பனிடம் காசு இல்லை. அவன் மார்பிலேயே பால் சுரந்ததாம். எத்தனை பெரிய மனிதன் என்றார் ரவ் யோசேப் என்ற அறிஞர். இன்னொரு அறிஞரான அபாயே ஒப்பவில்லை: படைப்பின் ஒழுங்கையே அவனுக்காக மாற்ற வேண்டி வந்ததே, எத்தனை தாழ்ந்த மனிதன் என்றார். ஒழுங்கு குலைவது பெருமை ஆகாது என்ற அபாயேயின் பேச்சை, அற்புதச் செய்திகளுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கும் இதழ்கள் ஒருமுறை படிக்கலாம்.

அப்படியானால் அற்புதம் எங்கே? நாள்தோறும் மூன்று வேளைத் தொழுகையில், மாலையும் காலையும் நண்பகலும் எங்களோடு இருக்கும் உம் அற்புதங்களுக்கு நன்றி என்ற வரி வருகிறது. கழிப்பறை போய்வந்து கை கழுவியதும் சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு: மனிதனைத் துளைகளும் குழிவுகளுமாகப் படைத்தீர், திறந்திருக்க வேண்டியது ஒன்று அடைபட்டாலோ மூடியிருக்க வேண்டியது ஒன்று திறந்தாலோ நிற்க முடியாது, வியக்கத்தக்கதைச் செய்பவரே என்று. சிறுநீர் அடைத்துக்கொண்டவர் யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு இந்த வாழ்த்தின் பொருள் தெரியும். பெரிய அற்புதங்களைப் பார்த்த மனிதன், வழக்கமாக நடப்பதும் மறைந்த அற்புதமே என்று உணர வேண்டும் என்றார் ஸ்பெயினின் ஜெரோனாவில் பிறந்த யூத அறிஞர் நாக்மானிதீஸ் (1194–1270). மருத்துவரும் யூதச் சட்ட அறிஞருமான மைமோனிதீஸ் (1138–1204) இயற்கையின் நிலைத்த ஒழுங்கை அவரைவிட அழுத்திச் சொன்னவர். அவரே, ஊருக்குத் துன்பம் வரும்போது 'இது தற்செயல், உலக வழக்கம்' என்று சொல்லித் தன்னைத் திருத்திக்கொள்ளாமல் இருப்பது கொடுமையின் வழி என்றும் தன் சட்ட நூலில் எழுதினார்.

இவற்றையெல்லாம்விட நம் பகுதிக்கு வேண்டியது ரவ் ஹூனாவின் கதை. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனின் சூராவில் கல்விக்கூடத் தலைவராக இருந்தவர். இடியும் நிலையில் இருந்த வீட்டில் அவருடைய திராட்சை மது மாட்டிக்கொண்டது. புண்ணியவான் என்று பெயரெடுத்த ரவ் அதா பர் அஹவாவை உள்ளே அழைத்துப் பாடம் பேச வைத்து, அவர் இருக்கும்வரை சுவர் விழாது என்ற நம்பிக்கையில் மதுவை வெளியே கொண்டுவந்தார். இருவரும் வெளியேறியதும் வீடு விழுந்தது. சங்கதி தெரிந்ததும் ரவ் அதா மனம் வருந்தினார். ஆபத்தான இடத்தில் நின்று 'எனக்கு அற்புதம் நடக்கும்' என்று சொல்லக் கூடாது. நடக்காமல் போகலாம், நடந்தாலும் புண்ணியக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள் என்ற சட்டத்தை அங்கே சொல்கிறார்கள்.

அதே ரவ் ஹூனாதான் கருமேகம் கூடிய ஒவ்வொரு நாளும் தங்கப் பல்லக்கில் நகரம் முழுக்கச் சுற்றி, ஆட்டம் கண்ட சுவர்களை இடிக்கச் சொன்னவர். உரியவருக்கு வசதி இருந்தால் அவரே கட்ட வேண்டும். இல்லையென்றால் ரவ் ஹூனா தன் காசில் கட்டிக் கொடுப்பார். 13 நோன்பும் முடிந்து மழை வராதபோது மகிழ்ச்சிக்கான கட்டடப் பணிகளைக் குறைக்க வேண்டும் என்பது விதி. அப்போதுகூடச் சாய்ந்த சுவரை இடித்துக் கட்டத் தடையில்லை என்கிறது தல்மூதின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூது.

2019 டிசம்பர் 2 அதிகாலையில், மழையின்போது மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மண்ணை அணைத்து நிற்கும் சுவருக்கு வடிகால் துளை இல்லாவிட்டால், பின்னால் நீர் தேங்கி, மண் ஊறிப் பாரம் ஏறும். சுவர் நடுவில் வயிறு தள்ளும், அடியில் ஈரம் கசியும், படுக்கைவாட்டில் விரிசல் ஓடும். இவற்றைக் கண்டுகொள்ள ஒரு நூல்குண்டும் ஒரு ஆளும் போதும். ஐப்பசி பிறக்கும் முன்பு உள்ளாட்சிகள் வார்டு வாரியாகச் சுவர்களைப் பார்த்துக் குறித்தனவா, வசதியில்லாதவர் சுவரை யார் செலவில் கட்டினார்கள் என்ற விவரத்தைத் தாங்கள் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். மழை வழிபாட்டுப் படம் வரும் அதே பக்கத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கும் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.