அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு

சிஸ்டர், உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் ஆடி மாதம், குழந்தைகள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், நான்கு வயதுப் பெண். ஞாபகம் இருக்கிறதா?

ஒரு வாரமாகத் தூங்காமல் கத்தினாள், கடித்தாள், அப்புறம் பேச்சே நின்றுபோனது. முதலில் காட்டிய இடத்தில் வெறும் அடம் என்றார்கள். ஊரில் மந்திரிக்கச் சொன்னார்கள் (தாயத்தும் கட்டினேன், பொய் சொல்வானேன்). வலிப்பு வந்த பிறகுதான் உங்கள் வார்டுக்கு வந்தோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப்ஸ் மாற்ற வந்த நீங்கள், மாற்றிவிட்டுப் போகாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எதையோ மெல்லுவதுபோல, நாக்கைத் துழாவியபடி, விடாமல் அசைந்துகொண்டே இருந்தது. "போனை எடுங்கம்மா, இதை வீடியோ எடுத்து காலையில டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று நீங்களே டார்ச் பிடித்தீர்கள். அதைப் பார்த்துத்தான் முதுகில் நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். என்எம்டிஏ ஆன்டிபாடி பாசிட்டிவ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குகிறதாம், 2007-ல்தான் இந்த ஆன்டிபாடியையே கண்டுபிடித்தார்களாம். ஸ்டீராய்டு, நரம்பில் ஏற்றும் ஐவிஐஜி மருந்து எல்லாம் அன்றைக்கே தொடங்கியது.

கட்டில் கம்பியில் அவள் கை இடிக்கக் கூடாதென்று மறுநாள் வீட்டிலிருந்து பழைய புடவை கொண்டுவந்து சுற்றிவிட்டீர்களே, மஞ்சள் பூப்போட்டது, அதை யார் உங்களிடம் கேட்டார்கள்?

பேச்சு திரும்ப இரண்டு மாதமானது. முதல் வார்த்தை "தண்ணி". இப்போது வாயாடி. புடவையைத் திருப்பித் தர வந்தோம், மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது இல்லாமல் அவள் தூங்குவதில்லை, நாங்களே வைத்துக்கொள்ளலாமா சிஸ்டர்?