பெரிய டிஸ்க் வாங்க முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிட்கொயின் முழு நோட் (எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே சரிபார்க்கும் கணினி) ஓட்டுகிறவர்கள் டிஸ்க் நிறைந்ததும் 2 டிபி டிஸ்க்குக்கு விலை விசாரிக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது தேவையில்லாத செலவு.

நோட்டை ஓட்டும் மென்பொருளான பிட்கொயின் கோர் இறக்கும் முழுச் சங்கிலி, அதாவது புளொக் எனப்படும் பரிவர்த்தனைத் தொகுப்புகளின் வரிசை, 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. 10 நிமிடத்துக்கு ஒரு புளொக் என்ற கணக்கில் இன்னும் வளர்கிறது. ஆனால் நோட்டுக்கு அன்றாடம் வேண்டியது, இன்னும் செலவாகாத காசுகளின் பேரேடுதான். 'செயின்ஸ்டேட்' என்ற அந்த ஃபோல்டர் பத்துப் பன்னிரண்டு ஜிபிக்குள் அடங்கும். சரிபார்த்து முடித்த பழைய புளொக்குகளை அழிக்க 'புரூன்' வசதி உண்டு. சரிபார்ப்பு அதனால் ஒரு துளியும் குறையாது.

பிழை நேர்வது, எவ்வளவு புளொக்கை வைத்திருப்பது என்ற புரூன் எண்ணைக் கொன்ஃபிக் கோப்பில் (நோட்டின் அமைப்புகள் உள்ள கோப்பு) எழுதும்போது. அங்கே அலகு எம்பி. 5 ஜிபி வைக்க 5000 என எழுத வேண்டும். வெறும் 5 என்றால், ஆகக் குறைந்த அளவு 550 என்று சொல்லி நோட் தொடங்க மறுக்கும். அதையாவது உடனே கண்டுபிடிக்கலாம். 1 தான் ஆளை ஏமாற்றும். புரூனை 'ஓன்' (இயக்கு) செய்வது என நினைத்துப் போடுவார்கள். அது நாமே கட்டளை கொடுத்தால் மட்டும் அழிக்கும் முறை. பிழைச்செய்தி எதுவும் வராது, டிஸ்க் பழையபடி நிறையும். எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் அட்டவணை வைக்கும் 'டிஎக்ஸ்இண்டெக்ஸ்' போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடாது.

'பிஎல்கே' என்று தொடங்கும் 128 எம்பி புளொக் கோப்புகளைக் கையால் அழிக்கவே கூடாது. நோட் அவற்றைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து இறக்க வேண்டியதுதான். பழைய வொலட் (உங்கள் காசுக்கான சாவிகள் உள்ள) கோப்பு இருந்தால் புரூனுக்கு முன்பே அதை ஏற்றி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அழிந்த புளொக்குகளில் அதன் கணக்கைத் தேட முடியாது.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய தலையிடி மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் செயின்ஸ்டேட் பழுதாகலாம். முழுச் சங்கிலி வைத்திருப்பவர் டிஸ்க்கில் உள்ள புளொக்குகளைக் கொண்டே அதைத் திரும்பக் கட்டிக்கொள்வார். புரூன் செய்தவருக்கு அந்த வழி இல்லை, 600 ஜிபியும் மீண்டும் லைன் வழியாகவே வர வேண்டும். மாதம் 100 ஜிபி பெக்கேஜ் என்றால் அரை வருடம் போய்விடும். ஆகவே டிஸ்க்கில் மிச்சமாகும் காசை ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் போனதும் நோட்டை முறையாக நிறுத்துங்கள். பட்டரி தாங்கும் என்று ஓடவிட வேண்டாம்.

ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில் புரூனோடு இறக்கி முடித்து, நோட்டை நிறுத்திவிட்டு 'புளொக்ஸ்', 'செயின்ஸ்டேட்' இரண்டையும் ஒன்றாகக் கொப்பி செய்து வரலாம். 32 ஜிபி பென் ட்ரைவ் போதும். ஆனால் முன்பின் தெரியாதவர் தரும் கொப்பியை வாங்காதீர்கள். அந்தப் பேரேட்டை உங்கள் நோட் மறுபடி முதலிலிருந்து சரிபார்ப்பதில்லை.

இப்படிக்கு,
கணினி திருத்துநர்கள் இருவர்,
ஹட்டன்.