அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடு

அன்புள்ள பானு,

உன் குரல் செய்திகளுக்கெல்லாம் பதில் போடாமல் இருந்துவிட்டு இப்போது கடிதமா என்று திட்டாதே. டிசம்பரில் நீங்கள் இங்கே மெல்போர்னுக்கு வருவதற்காக அண்ணா அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எக்செல்லில், கலர் கலராக! எட்டு மணிக்குப் பஸ், எட்டே முக்காலுக்கு போட்டோ. நம் மேத்ஸ் சார் ஊட்டிக்குக் கூட்டிப்போனதே தேவலை.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பிரேக் மிதிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெல்போர்ன் நகரத்தைச் சுற்றிப் பார்க்க அந்தப் பஸ் கம்பெனிக்கு ஏன் அவ்வளவு டாலர்? நகரத்தின் நடுப்பகுதிக்குள் டிராம் இலவசம், 2015இலிருந்தே. 35ஆம் நம்பர் பழைய டிராம், ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடும். அந்த எல்லையைத் தாண்டிப் போவதென்றால்தான் மைக்கி என்ற பயணக் கார்டைத் தட்ட வேண்டும். அதை மறந்தால் அபராதம், அதில் மட்டும் அண்ணாவின் கறார் உதவும்.

பிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் இறங்கிப் பாலத்தைக் கடந்து நடந்தால் என்.ஜி.வி. கலைக்கூடம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. வாசலிலேயே கண்ணாடிச் சுவர் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், குழந்தைகள் எல்லாம் அதில் கை வைத்துப் பார்க்கும், நீயும் வைப்பாய். உள்ளே பெரிய கூடத்துக்குப் போய்த் தரையில் மல்லாந்து படுத்துவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன், எல்லாரும் படுப்பார்கள். மேலே கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, லியோனார்ட் பிரெஞ்ச் செய்தது. மேகம் நகர்ந்தால் உன் புடவை மேல் விழும் சிவப்பும் நீலமும் மாறும். அண்ணாவின் திட்டத்தில் இதற்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லை!

அப்புறம் மாநில நூலகம். 1913இல் திறந்த எண்கோண வாசகசாலை, தலைக்கு மேலே பெரிய குவிமாடம். நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் 1880இல் போலீசோடு சண்டை போட்டபோது மாட்டியிருந்த கவசமும் அங்கேதான் இருக்கிறது. கலப்பைத் தகட்டை அடித்துச் செய்தது, தோட்டா பட்ட பள்ளம் தெரியும்.

இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. இங்கே வந்த புதிதில் எனக்கு வேலை கிடைக்கவில்லை, வீட்டில் ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் பயம். காலையில் டிபன் டப்பாவோடு அந்த வாசகசாலைக்குப் போய்ப் பச்சை விளக்கடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். ஏன் வந்தாய், என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. போனில் நீ "ஆஸ்திரேலியாக்காரி" என்று கிண்டல் செய்வாய், நானும் சிரித்துவைப்பேன். அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அழாதே. குயின் விக்டோரியா மார்க்கெட்டில் சூடான ஜாம் டோனட் வாங்கித் தருகிறேன். திங்களும் புதனும் மூடியிருக்கும், அண்ணா அதைப் புதன்கிழமையில் போட்டிருக்கிறார்! வெளியூர் வேண்டுமென்றால் ரயிலில் பல்லராட் போகலாம். 2023இலிருந்து மாநிலம் முழுக்க எவ்வளவு தூரம் போனாலும் ஒரு நாள் கட்டணம் நகரத்துக் கட்டணத்தைத் தாண்டாது.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பிலிப் தீவில் செலவழியுங்கள். இருட்டியதும் ஓரடி உயரப் பென்குவின்கள் கடலிலிருந்து கூட்டமாக ஏறி வரும். டிசம்பரில் ஒன்பது மணி ஆகிவிடும், இங்கே கோடைதான் என்றாலும் கடற்காற்றுக்கு ஸ்வெட்டர் எடுத்துவா. போட்டோ எடுக்கக் கூடாது என்பதை அண்ணாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை.

கறிவேப்பிலை கொண்டுவராதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி கொண்டுவந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடு.

டிசம்பர் 26 எம்.சி.ஜி. ஸ்டேடியத்தில் தொடங்கும் கிரிக்கெட் டெஸ்டுக்கு டிக்கெட் போட வேண்டும். அண்ணாவும் இவரும் போகட்டும். நீயும் நானும் 96ஆம் நம்பர் டிராம் ஏறி செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போய்விடலாம். வெயிலில் உட்காரும் டிக்கெட் போதுமா, நிழல் வேண்டுமா என்று மட்டும் அண்ணாவிடம் கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்.

உன்,
மூணாம் நம்பர் ரூம்காரி