புனேயில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். சம்பா நடவு முடிந்துவிட்டது. பள்ளத்து வயலில் நான்கு நாள் தண்ணீர் நின்றது, இப்போது வடிந்துவிட்டது, பயமில்லை. பாப்பாவுக்குத் தையில் வளைகாப்பு வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. அதையெல்லாம் அம்மா உனக்குச் சொல்வாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

போனில் கூப்பிட்டால் "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கும்போது யாரும் பாதியில் வைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

புரோ கபடி லீக் சீசன் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்த முறை ஒரு ஆட்டத்துக்குக்கூட நீ போன் பண்ணவில்லை. ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் முதல் ஆட்டமே நம் தமிழ் தலைவாஸுடையது. தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார்கள். சார்ஜரைச் செருகி, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை இருந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரிந்திருக்கும். பன்னிரண்டு அணியில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தாலே போதும் என்றிருந்த வருஷத்தில் அந்த எட்டுக்குள்கூட நாம் இல்லை. அர்ஜுன் தேஷ்வால் பாவம், ரெய்டு போய்ப் புள்ளி எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கொண்டுவருவதை இந்தப் பக்கம் பிடியில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். எத்தனை வருஷமாக இதையே பேசுகிறோம் நாம்! முன்னணியில் இருக்கும்போது, நேரம் ஓடட்டும் என்று பின்னால் தள்ளி நிற்காமல், கார்னரில், அதாவது ஓரத்தில், பிடிக்க நிற்பவன் அவசரப்பட்டு ரெய்டு வந்தவன் காலுக்குப் பாய்வான். பிடித்தவனையும் இழுத்துக்கொண்டே ரெய்டு வந்தவன் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். வடுவூர்த் திடலில் பத்து வயசுப் பையன் செய்தாலே அடி விழும் தப்பு அது.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது தம்பி. கபடி நம்முடைய ஆட்டம். சடுகுடு என்று சொன்ன காலத்திலிருந்து இந்த மண்ணில் ஆடுகிறார்கள். 2017-ல் நமக்கும் ஒரு அணி என்றதும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்த வருஷம் பிரிவில் கடைசி. அடுத்த வருஷமும் கடைசி. 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுதரி, மஞ்சீத் சில்லர் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு மொத்தத்திலேயே கடைசி. திருச்சனம்பூண்டி சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நம் தஞ்சாவூர்க்காரர் ஆடியதெல்லாம் மற்ற ஊர் அணிகளுக்கு. தலைவாஸுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் வந்தார். வருஷா வருஷம் ஏலம், வருஷா வருஷம் புது ஆட்கள். கார்னரில் நிற்பவனும் அவனுக்கு அடுத்து கவரில் நிற்பவனும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பழகுவதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது. கோடிகளைக் கொட்டி ஒருவரை எடுப்பதைவிட, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேரை ஐந்து வருஷம் சேர்த்து வைத்து ஆடவிட்டால் நடப்பதே வேறு. நீயும் இதைத்தான் சொல்வாய்.

2018 அக்டோபரில் நீ டிக்கெட் எடுத்து, சென்னையில் நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? பாட்னாவை 42-26 என்று அடித்தார்கள். வெளியே வந்து நீ எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தாய், காசும் நீயே கொடுத்தாய். என் மகன் சம்பாதிக்கிறான் என்று அன்றைக்குத்தான் மனதில் பட்டது. ஊருக்கு வந்து எல்லோரிடமும் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதைவிட அந்த ஆட்டோவைப் பற்றித்தான் அதிகம் சொன்னேன்.

2022 டிசம்பரும் அப்படித்தான். பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முட்டி போய் உட்கார்ந்துவிட, இனி ஒன்றுமில்லை என்று ஊரே சொன்னபோது நரேந்தரும் அஜிங்க்யாவும் அரையிறுதி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ புனேயிலிருந்து மும்பைக்குப் போய்ப் பார்த்தாய். எதிரில் ஆடியதும் உன் ஊர்க்காரர்கள் புனேரி பல்தான். 39-37. அரங்கத்திலிருந்தே கூப்பிட்டு "ரெண்டே ரெண்டு புள்ளிப்பா" என்றாய். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தோற்ற அன்றைக்கும் நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அம்மா தெரியாமல் உன் நம்பரை அழுத்திவிட்டாள். ஷிஃப்டில் போனை உள்ளே விட மாட்டார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். முதல் மணியிலேயே எடுத்தாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது என்கிறாள். நாலாவது விசிலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசினாயாம். லீவாக இருக்கும் என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? பணம் மட்டும் மாதா மாதம் சரியாக வருகிறது. சிரமமாக இருந்தால் அனுப்ப வேண்டாம். நெல் போட்ட பணம் அப்படியே பாங்கில் இருக்கிறது, எங்களுக்கு என்ன செலவு. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஒரு வேளையை இன்னொரு வேளையோடு சேர்க்காதே.

சீசன் நடுவில் ஒரு நாள் ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது டிவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். யாரோ ஒரு பையன், இருபது இருபத்தொரு வயசு இருக்கும், நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தான். "இவனுக்கெல்லாம் எதுக்கு ஜெர்சி" என்று சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பியைச் சொன்ன மாதிரியே சொல்றீங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

2011-ல் அந்த மின்னொளி கபடி. நீ பிளஸ் ஒன். இறுதி ஆட்டம், ஒரு புள்ளி பின்னால், கடைசி ரெய்டு உன்னுடையது. வலது கார்னர் உன் கணுக்காலைப் பிடித்தான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். உன் கை கோட்டை நோக்கி நீண்டு கிடந்ததை டியூப் லைட் வெளிச்சத்தில் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து டிவிஎஸ் 50-ஐ எடுக்கப் போனேன். உன்னிடம் வரவில்லை. பதினாலு கிலோமீட்டர், ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாய். அன்றைக்குப் பின்னால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா தட்டு வைத்தபோது நான் சொன்னேனே, "தோத்துட்டு வந்தவனுக்குச் சோறு என்ன கேடு" என்று. நீ கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய். காலையில் பார்த்தேன், முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. ராத்திரி நீயே விளக்கேற்றி மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகும் தப்பென்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன், அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாலு வருஷம் ஆகிறது தம்பி. பிளஸ் டூ மார்க் குறைந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சென்னை வேலையை விட்டதை மாமா சொன்னார். ஜெயித்ததை மட்டும் நீ நேராக என்னிடம் சொல்வாய். தலைவாஸ் தோற்றதைச் சொல்வாய், உன்னுடையதைச் சொல்ல மாட்டாய். அப்படி உன்னைப் பழக்கியவன் நான்தான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன், உன்னிடம்தான் சொல்லவில்லை.

போன மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கினார்களே, கண்ணகி நகர் கார்த்திகாவும் நம் வடுவூர் அபினேஷும். ஆளுக்கு 25 லட்சம் அரசு கொடுத்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. "உங்க பையனும் நல்லா ஆடுவானே" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "இப்பவும் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு முன்னாலேயே வர முடிந்தாலும் வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். டிக்கெட்டை இங்கிருந்தே போடச் சொல்கிறேன், தேதியை மட்டும் சொல்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள், பருப்புப் பொடியும் இடித்து வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்ப வேண்டும். பழைய ரூமில்தான் இருக்கிறாயா? மாறியிருந்தால் புது முகவரியை அனுப்பு.

அன்புடன்,
அப்பா