அம்பயரின் இடது கை

கொலம்பஸ், ஓஹையோ
20.4.2025

அன்புள்ள வைத்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள். உன் சோம்பலை ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன்.

இங்கே மகள் வீட்டில் எனக்கு ஒரே வேலைதான். மாலையானால் போர்வையைச் சுற்றிக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்து, பேத்தி சாஃப்ட்பால் வீசுவதைப் பார்ப்பது. பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரி ஓர் ஆட்டம் அது. 1981இல் கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல் கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டதற்கு நீ என்னமாய்த் திட்டினாய்! இந்த ஆட்டத்தில் கையைக் கீழிருந்து கொண்டுவந்து வீசினால்தான் செல்லும்.

அதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு. 24 அங்குல வெள்ளை ரப்பர் பட்டையில் கால் வைத்து, கைகளைப் பிரித்தபடி, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்ச்சரின் சைகையைப் பார்க்க வேண்டும். பிறகு கைகளைச் சேர்த்து ஒரு விநாடியாவது நிறுத்த வேண்டும். பத்தைத் தாண்டக் கூடாது. பிரித்துவிட்டால் வீசியே தீர வேண்டும். கை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுழலக் கூடாது. இதெல்லாம் பழகினால் வந்துவிடும். வம்பு முழுக்கக் காலில்தான்.

பட்டையை உந்திப் புறப்பட்ட கால், வழியில் மறுபடி ஊன்றி இன்னொரு உந்து உந்தினால் அதற்குக் 'க்ரோ ஹாப்' என்று பெயர். நம் முற்றத்துக் காக்கை தத்துமே, அதேதான். பேட்டருக்கு 43 அடி தூரம் என்பது விதி. தத்திவிட்டு வீசினால் தூரம் குறைந்துவிடுகிறது. அது குற்றம் என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஊன்றாமல், இரண்டு கால்களும் கணநேரம் தரையை விட்டு எழும்பினாலே குற்றம் என்றும் வைத்திருந்தார்கள். ஆண்கள் ஆட்டத்தில் அதற்கு வெகுகாலமாக அனுமதி உண்டு. பெண்கள் மட்டும் பின்காலைத் தரையில் உரசியபடி வர வேண்டியிருந்தது!

சென்ற ஆண்டு நான் வந்திருந்தபோது நடந்தது இது. ஓடி நிற்கிற மூன்று பேஸிலும் ஆள், பேட்டருக்கு மூன்று 'பால்' (தப்பான வீச்சு), இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவள் அவுட், இன்னொரு பால் என்றால் சும்மாவே முதல் பேஸ். இவள் வீசினாள், எதிரணிப் பெண் காற்றில் வீசி ஏமாந்தாள். நாங்கள் எழுந்து கைதட்டிவிட்டோம். அப்புறம்தான் பார்த்தேன், அம்பயர் இடது கையை முஷ்டி பிடித்துப் பக்கவாட்டில் நீட்டி நிற்கிறார்: இவள் கால் எழும்பிவிட்டதாம், குற்றம். கை நீண்டாலும் ஆட்டம் நடுவில் நிற்காது என்பதுதான் கொடுமை. பேட்டர் அடித்திருந்தால், அந்தப் பலனையா தண்டனையையா, எது வேண்டும் என்று அவர்கள் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கலாம். இங்கே பேட்டர்தான் அடிக்கவேயில்லையே, தண்டனைதான். அந்த வீச்சு நான்காவது பாலாயிற்று, பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தாள், மூன்றாம் பேஸிலிருந்தவள் உள்ளே வந்து ஆட்டத்தை முடித்தாள். பேத்தி காரில் வாயே திறக்கவில்லை.

இந்த ஆண்டு பள்ளி விதியையே மாற்றிவிட்டார்கள். கால் எழும்பலாம், மறுபடி ஊன்றி உந்தக் கூடாது, அவ்வளவுதான். புழுதி பறக்கிற இடத்தில் கால் அரை அங்குலம் எழும்பியதா என்று எந்த அம்பயர் கண்ணால் சொல்ல முடியும்? அன்று சொன்னவருக்கு உன்னைவிட நல்ல கண் இருந்திருக்க வேண்டும்.

நேற்றும் போயிருந்தேன். "தாத்தா, பந்தைப் பாருங்கள், ஏன் அவர் கையையே பார்க்கிறீர்கள்?" என்று சிரிக்கிறாள்.

ஜூன் இரண்டாம் வாரம் வருகிறேன். அதற்குள் மாவடுவையெல்லாம் தீர்த்துவிடாதே.

உன்,
ராகவன்