கல்யாணம் வேண்டாம் என்கிற பையனிடம் முதலில் கேட்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கல்யாணத்தில் நாட்டமே இல்லை’ என்ற பேச்சு மியான்மரில் யாங்கோன், பெகு, மோல்மேன் என நம்மவர்கள் உள்ள ஊர்களிலெல்லாம் அடிபடுகிறது. கோயிலில் வரன் விவரம் பதிந்து கொடுக்கும் எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. பெண் வீட்டு ஜாதகங்கள் குவிகின்றன. பையன் வீட்டார் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார்கள். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

2010-ஆம் ஆண்டின் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரி 10 அன்று அமலுக்கு வந்தது. அழைக்கப்படும் வயது ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. டாக்டர், இன்ஜினியர் போன்றவர்களுக்கு வரம்பு இன்னும் அதிகம். சேவை 2 ஆண்டு; நெருக்கடி நிலையில் 5 ஆண்டு வரை நீளும். கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு உண்டு, கல்யாணமான ஆணுக்குக் கிடையாது. வயதான பெற்றோரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் மகனுக்குக்கூடத் தள்ளிவைப்புதான் கிடைக்கும். ஆகவே 20 வயதுப் பெண்ணைப் பெற்றவர் அவசரப்படுகிறார், 26 வயதுப் பையன் பின்வாங்குகிறான். தாலி கட்டிய மறுமாதம் ராணுவ அழைப்பில் பெயர் வந்துவிட்டால் அவள் கதி என்ன என்று கலங்குகிறவனை நாட்டமில்லாதவன் என்பது அநியாயம்.

அவசரக் கல்யாணத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. ஐயர் நடத்திவைத்ததோடு விட்டுவிடுகிறார்கள். விலக்குக்கு அதிகாரிகள் கேட்பது காகிதம். கோர்ட்டில் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, வீட்டில் உள்ளவர்களைப் பதியும் 66/6 குடும்பப் பட்டியலில் பெண்ணின் பெயரைப் புகுந்த வீட்டுக்கு மாற்றும் வேலையை அந்த வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

2024 மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு அனுமதி கேட்பதும் நிறுத்தப்பட்டது. முன்பே போனவர்கள் திரும்பி வரப் பயப்படுகிறார்கள். ‘பையன் மலேசியாவில், சிங்கப்பூரில்’ என்று ஜாதகம் தருகிறவர்கள் என்ன பெர்மிட் என்று சொல்வதில்லை. மலேசியாவின் தற்காலிகத் தொழிலாளர் பெர்மிட்டில் இருப்பவர் அங்கே கல்யாணம் செய்யவும் முடியாது, மனைவியை அழைத்துக்கொள்ளவும் முடியாது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர் குடும்பத்தை அழைக்க முடியாது. அதைவிட மேலான வேலை அனுமதிகளான எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றாலும், குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி வேண்டும். பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் பெர்மிட்டின் நகலைக் கேளுங்கள். இங்கே உள்ள பையன் என்றால் அடையாள அட்டை இளஞ்சிவப்பா (முழுக் குடியுரிமை), நீலமா (இணைக் குடியுரிமை), பச்சையா (விண்ணப்பித்துப் பெற்ற குடியுரிமை) என்று இரு வீட்டாரும் காட்டிக்கொள்ளுங்கள். நாளை பிள்ளைக்கு அட்டை எழுதும்போது தாய் தகப்பன் இருவரின் அட்டையையும் பார்ப்பார்கள்.

எந்தப் பெண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்கிறவனுக்குப் பல சமயம் ஒரு பர்மியப் பெண்ணைப் பிடித்திருக்கும். வீட்டில் வாய் திறக்க மாட்டான். அதட்டாமல் கேளுங்கள். பௌத்தப் பெண்ணை வேற்று மதத்தவர் மணப்பதற்கு 2015-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. டவுன்ஷிப் பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுத்தால் 14 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள்; ஆட்சேபம் இல்லையென்றால் பதிவாகும். பெண்ணுக்கு 20 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவள் தன் மதத்தைத் தடையில்லாமல் பின்பற்ற விட வேண்டும். மறைத்துக் குடித்தனம் நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக நகை. இங்கே தங்கத்தைக் கியாத்தா என்ற எடையில் விற்கிறார்கள்; ஒரு கியாத்தா நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்றுக் கூட. 2021 தொடக்கத்தில் 13, 14 லட்சம் கியாத்துக்கு (இந்நாட்டுப் பணம்) விற்ற ஒரு கியாத்தா 2024-இல் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த விலைக்கே 4 பவுன் தாலிக்கொடி கிட்டத்தட்ட ஒரு கோடி! கடையில் நிற்கும் பையன் எத்தனை வருடம் சேர்ப்பான்? மஞ்சள் கயிற்றில் ஒரு கிராம் பொட்டுத் தாலி போதும் என்று பெண் வீட்டார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்கிற வீடுகளின் விவரத்தைத் தனியாகக் குறித்து, பையன் வீட்டாரிடம் முதலில் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கோயில் வரன் பதிவுத் தொண்டர்கள்,
யாங்கோன்