குவாந்தானில் தூண்டில் போடத் தொடங்கும் மகளுக்கு

பாகான் டத்தோ,
ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

பள்ளியில் உன்னோடு வேலை செய்யும் ஆசிரியைகளுடன் சேர்ந்து கடலில் தூண்டில் போடப் பழகப் போவதாகவும், எந்தக் கோலை வாங்கலாம் என்றும் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். தூண்டில் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தோட்டத்துக் கடலோரக் கரையில் இருந்த வாட்டர்கேட் உனக்கு நினைவிருக்கும். கடல் ஏறும்போது வெளித் தண்ணீர் அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும். வற்றும்போது தென்னைகளுக்கு நடுவே கால்வாய்களில் தேங்கி நின்ற தண்ணீர் உள்ளிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டும். பொடி இறாலும் குஞ்சு மீனும் அந்தத் தண்ணீரோடு அடித்துவரப்படும் என்று தெரிந்துதான் சியாக்காப், அதாவது என் பாட்டி கொடுவா என்று சொன்ன அதே மீன், கதவுக்கு வெளியே நிழலில் காத்து நிற்கும். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, காலையிலிருந்து நின்றும் ஒன்றும் கடிக்காமல், கதவு திறந்த முதல் அரை மணி நேரத்துக்குள் இரண்டு கொடுவாவைத் தூக்கினேன். கையில் இருந்தது மூங்கில் கழியும் கடன் வாங்கிய தங்கூசியும்தான், அதாவது நைலான் நூல். கோலும் இரையும் காலையில் இருந்தவையே. தண்ணீர் மட்டும் ஓடத் தொடங்கியிருந்தது. இன்றுவரை நான் கடலில் மீன் பிடிப்பதெல்லாம் அன்று தெரிந்துகொண்டதை வைத்துத்தான்.

ஆகவே தூண்டில் கடைக்குப் போகும் முன், ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்க்கப் பழகிக்கொள். நம் கடற்படையின் ஹைட்ரோகிராஃபி மையம் அதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உன் பக்கத்துக்கு தஞ்சோங் கெலாங் என்ற தலைப்பில் உள்ள நேரங்களைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், குறிப்பாக அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாள்களில், கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். தண்ணீர் வேகமாக இழுக்கும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இங்கே ஆற்று முகத்தில் தண்ணீர் அப்படிப் புரள்வது அதனால்தான். அஷ்டமியை ஒட்டி இழுப்பு குறைந்துவிடும். அஷ்டமியில் நல்ல காரியத்தைத் தொடங்கக் கூடாது என்று உன் அம்மா சொல்வாள். ஆனால் ஈயக்குண்டு தரையில் நிற்கிறதா, நகர்கிறதா என்று கை உணரப் பழகுவதற்கு அந்த மந்தமான தண்ணீர்தான் ஏற்றது.

ஒன்றை மறக்காதே: நம் பக்கத்துக் கடலும் உன் பக்கத்துக் கடலும் ஒன்றல்ல. இங்கே மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும்; ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். கரையெல்லாம் சேறு. கிழக்குக் கரையில் உன் கடலில் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரமாக இருப்பதில்லை. சில நாள்களில் ஒன்று பெயரளவில்தான் இருக்கும். உனக்கு வாய்த்தது அலையடிக்கும் மணல் கரை. அங்கே நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் கடந்து போகிறது என்று கால் மணி நேரம் பார். உடையாத இடம் சற்றுக் கருத்துத் தெரியும். அது ஆழமான பள்ளம். மீன் அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் மேயும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் வழியும் பல நேரங்களில் அதுதான். அமைதியாகத் தெரிகிறதே என்று நம்பி அதில் இறங்குபவரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். உன் இரை அதில் விழட்டும். நீ முழங்காலுக்கு மேல் இறங்காதே.

இனிக் கோல். 8 அல்லது 9 அடி நீளமுள்ள, நடுத்தர வலுவுள்ள ஒன்று போதும். கைப்பிடிக்குச் சற்று மேலே எத்தனை கிராம் எடையை அது வீசும் என்று அச்சிட்டிருப்பார்கள். நீ கட்டப்போகும் 30 முதல் 60 கிராம் ஈயம் அந்த எண்களுக்குள் அடங்க வேண்டும். 4000 அளவு ரீல். கடைக்காரர் பின்னல் நூலைப் பரிந்துரைப்பார். அது நல்லதுதான், ஆனால் பழகாத கையில் காற்றடித்தால் சிக்கிக்கொள்ளும். முதல் ஆண்டு 15 பவுண்டு தங்கூசியே போதும். அது சற்று நீளும், அதனால் நீ பதறி இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். 15 பவுண்டு நூல் ஏறத்தாழ 7 கிலோ தாங்கும்; ஏறத்தாழ 2 கிலோ இழுப்பில் நூல் வழுக்கிக்கொண்டு போகும்படி ரீலின் டிராக்கை, அதாவது நூலைப் பிடித்து நிறுத்தும் தடையை, வை. தொங்கு தராசின் கொக்கியில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய மீனை இழக்கும் புதியவர்கள் பெரும்பாலும் டிராக்கை இறுக்கி வைத்ததால்தான் இழக்கிறார்கள்.

முடிச்சை வீட்டிலேயே, கண்ணை மூடிக்கொண்டும் போடும் அளவுக்குப் பழகு. நூலைத் தூண்டில் முள்ளின் கண்ணில் நுழைத்து, அதன் நுனியால் தாய்நூலை ஆறு முறை சுற்றி, கண்ணை ஒட்டிய சிறு வளையத்துக்குள் நுனியை விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கிய பிறகு மெதுவாக இழு. காய்ந்த நூலை வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் அது அந்த இடத்திலேயே நலிந்துவிடும்; மீன் வந்த பிறகு அறுந்தால் அழுது பயனில்லை. தாய்நூலில் ஓடும் ஈயம், அதன் கீழே ஒரு மணி, பிறகு நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சுழலி, பிறகு அரை மீட்டர் நூலும் முள்ளும் என்பதே நான் எப்போதும் கட்டும் கட்டு. மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓடினாலும் ஈயத்தின் பாரம் உடனே அதற்குத் தெரியாது.

தொடக்கத்தில் பெரிய மீனைத் தேடாதே. மணல் கரையில் கிழங்கான் வரும். 6 அல்லது 8 எண் கொண்ட சிறு முள்ளில் பும்புன் புழுவைச் சிறு துண்டாகக் கோத்துப் போட்டால் அது ஆசையோடு கடிக்கும். கொடுவாவுக்கு உயிர் இறால்தான் இரை. அதை மெல்லப் பிடித்துத் தலையை வெளிச்சத்தில் பார்த்தால், கொம்புக்குப் பின்னால் ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அந்தப் புள்ளியைத் தொடாமல், கொம்பின் அடியில் ஓட்டை மட்டும் துளைத்துக் கோத்தால் நீண்ட நேரம் நீந்திக்கொண்டிருக்கும்.

கடலில் எது வந்தாலும் கையால் தொடும் முன் பார். செம்பிலாங் என்ற கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று நச்சு முள்கள் உண்டு. நீ பிறந்த ஆண்டு, இருட்டில் அதன் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றப் போய், கட்டைவிரலின் அடியில் குத்து வாங்கினேன். தோள்வரை நெருப்பு ஏறியது போல இருந்தது. சைக்கிள் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் ஒரு கையால் தள்ளிக்கொண்டே லயத்துக்கு வந்து சேர்ந்தேன். உன் பாட்டி வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார். அதுவே சரியான முதலுதவி. ஏறத்தாழ 45 பாகைச் சூட்டில், குத்துப்படாத கையால் சூட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதன்பின் கிளினிக்குக்குப் போக வேண்டும், முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். மீன் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்ற மூக்குக் குறடு ஒன்றை இன்றே வாங்கு. பேத்தை மீன் வந்தால், யார் என்ன பக்குவம் சொன்னாலும் சமைக்காதே. அதன் நஞ்சு அடுப்பில் அழியாது.

வானம் இருண்டாலோ இடி கேட்டாலோ கோலைக் கீழே வைத்துவிட்டு, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடு. கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் அதைத் தூக்கிப் பிடிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் உன் கடல் முரடாகிவிடும். அந்த மாதங்களில் படகு ஏறுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடு. மற்ற மாதங்களிலும் உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் கால் வைக்காதே. தியோமான் தீவுக்குத் தோழிகளோடு போனால் கோலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ; கடல் பூங்கா என்பதால் தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கத் தடை உண்டு.

வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், டிராக்கை இறுக்கிவிட்டு ரீலை நல்ல தண்ணீரால் மெல்ல நனைத்துத் துடை. குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வை. நான் முதன்முதலில் மூன்று மாதம் மிச்சம் பிடித்து வாங்கிய ரீலைக் கடலிலிருந்து கொண்டுவந்து அப்படியே மூலையில் சாய்த்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது கைப்பிடி அசையவே இல்லை. அதை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

ஈயம், சுழலி, முள் எல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு உன் சித்தப்பா குவாந்தான் வரும்போது கொடுத்தனுப்புகிறேன், அவற்றை வாங்காதே. அதற்குள் ஒரு வேலை செய். கோல் இல்லாமல், தெலுக் செம்பெடாக் கரைக்கு ஏழு நாள் மாலையில் போய் நின்று, தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஏறுகிறதா வற்றுகிறதா என்று குறித்து அனுப்பு. அதே ஏழு நாளும் இங்கே படகுத்துறைத் தூணில் நானும் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா